மதுரை திருநகரில் இடுப்பு வலிக்கு எந்த யோகா வகுப்பில் சேரலாம்?

நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன் வேலை, இடுப்பு வலி, எடையும் குறைய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே வகுப்பில் தேடாதீர்கள். வலிதான் முதலில். எடைக்கு என்று வேகவேகமாகச் சூரிய நமஸ்காரம் போடவைக்கும் இடத்தில் முன்குனிதல் திரும்பத் திரும்ப வரும். முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் பிதுங்கியிருந்தால் அதுவே வலியைக் கூட்டிவிடும். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ மருத்துவரைப் பார்த்த பிறகுதான் பாயை விரிக்க வேண்டும்.

சேரும் முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இருந்தால் உங்கள் முதுகு எப்படி வளைகிறது என்று ஆசிரியர் கவனிப்பது கடினம். நாற்காலி, பெல்ட், மரக்கட்டை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஐயங்கார் முறை வகுப்பு கிடைத்தால் உங்களுக்கு அது பொருந்தும். உங்கள் வலியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல், காலை நீட்டி உட்கார்ந்து முன்குனியும் பச்சிமோத்தானாசனத்தில் முதுகை அமுக்கும் ஆசிரியரிடம் தயவுசெய்து போகாதீர்கள். ரத்த அழுத்தம் இருந்தால் சிரசாசனம் வேண்டாம் என்று அவரே சொல்ல வேண்டும்.

தூரமும் முக்கியம். சாயங்காலம் கோரிப்பாளையம் நெரிசலைத் தாண்டி அண்ணா நகர் வரை போய் வந்தால், தளர்த்திய இடுப்பு திரும்பும் வழியிலேயே இறுகிவிடும். திருப்பரங்குன்றம் பக்கமே தேடுங்கள். மதுரை வெயிலுக்குக் காலை 6 மணி வகுப்பு நல்லது, வயிறும் காலியாக இருக்கும். மாலை என்றால் சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

தள்ளுபடி என்றாலும் வருடக் கட்டணம் கட்டாதீர்கள், ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.