எந்தக் கண்ணகியை அழைக்கிறீர்கள்?

கேள்வி: இப்போது வருகிற கவிதைகளில் பாதியில் கண்ணகி, மீதியில் திரௌபதி, இடைக்கிடை புத்தர். கேட்டால் ‘ஊடிழைப்பிரதி’ என்கிறார்கள். கொப்பியடித்ததற்கு வைத்த மரியாதையான பெயர்தானே அது? சொந்தச் சரக்கு உள்ளவருக்கு இரவல் எதற்கு?
— வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: இல்லை. கொப்பியடிப்பவருக்கு, நீங்கள் மூலத்தைக் கண்டுபிடித்துவிடுவீர்களோ என்று பயம். பழைய பிரதியைத் தன் எழுத்துக்குள் அழைத்து வருபவருக்கு, நீங்கள் அதைக் கவனிக்காமல் போய்விடுவீர்களோ என்று பயம். இந்த இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்.

பெயர் புதிதுதான். 1960களின் பிற்பாதியில் இலக்கியக் கோட்பாட்டாளர் ஜூலியா கிறிஸ்தேவா பிரெஞ்சில் ஆக்கிய சொல்லைத் தமிழில் இப்படிச் சொல்கிறோம். மருதமுனைத் தறியில் பாவுக்குக் குறுக்கே ஓடுகிற நூலை நினைத்தால் விளங்கும். ‘எங்கிருந்து எடுத்தார்’ என்று மூலம் தேடுகிற வேலையாக இதைச் சுருக்கிவிட்டார்கள் என்று சலித்து, 1974இல் அவரே வேறு சொல்லுக்கு மாறினார். நீங்கள் கேட்பதும் அந்த ‘எங்கிருந்து’தான். அதைவிட நல்ல கேள்வி நன்னூலில் இருக்கிறது. வழிநூல் முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துப்போக வேண்டும் என்று சொன்ன கையோடு, ‘பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி’ என்கிறார் பவணந்தியார். பின்னால் வந்தவர் தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் சொல்லியிருக்க வேண்டும். விகற்பம் எங்கே? கவிதையிடம் இதைக் கேளுங்கள்.

சொந்தச் சரக்கு உள்ளவருக்கு இரவல் எதற்கு என்று இளங்கோவடிகளிடம் கேட்க முடியுமா? கோவலன் போன பிறகு புகார் நகரம் எப்படிக் கலங்கியது என்று கௌசிகன் வந்து சொல்கிற இடத்தில் ‘அருந்திறல் பிரிந்த அயோத்தி போல’ என்று ஒரே வரி. இராமாயணத்தின் ஒரு காண்டமே அந்த வரிக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இதைவிட நுட்பமானது ஊர்காண் காதையில் வருகிறது. மதுரைக்கு வெளியே, கூட வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் கோவலனுக்கு ஆறுதல் சொல்கிறார். இராமன் மனைவியைப் பிரிந்து துயரப்பட்டான், நளன் நள்ளிரவில் காட்டில் மனைவியை விட்டுப் போனான். நீ அப்படியல்ல, ‘பிரியா வாழ்க்கை பெற்றனை அன்றே’ என்கிறார். இராமனுக்குச் சீதை திரும்பக் கிடைத்தாள், நளனுக்குத் தமயந்தி கிடைத்தாள். வாசிப்பவர் மனதில் அந்த இரண்டு முடிவும் ஏற்கெனவே இருக்கின்றன. இதற்கு அடுத்தது அடைக்கலக் காதை, அதற்கும் அடுத்தது கொலைக்களக் காதை. பிரியவே மாட்டாய் என்று சொல்லப்பட்டவன் திரும்பி வராமலே போகிறான். பழைய கதைகள் வாசகர் மனதில் நம்பிக்கையைக் கட்டுகின்றன, இளங்கோ அதை உடைக்கிறார். அந்த இரண்டு கதைகளும் தெரியாதவருக்கு இது வெறும் ஆறுதல் வார்த்தை. தெரிந்தவருக்கு நெஞ்சு அடைக்கும்.

கதை முன்பே தெரிந்திருப்பது குறை என்று நினைக்கவும் வேண்டாம். அபிமன்யு சாவான் என்பது கூத்தாடுகிற வட்டக்களரியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற சிறுபிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் விடிய விடியப் பார்க்கிறோம்.

உங்கள் கோபத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. கண்ணகியை அழைக்கிற பலர், எந்தக் கண்ணகி என்று தங்களையே கேட்பதில்லை. சிலப்பதிகாரத்துக் கண்ணகி புகாரில் மாநாய்கன் மகள். மதுரையை எரித்துவிட்டுச் சேர மலையில் வேங்கை மரத்தடியில் நின்று, பதினான்காம் நாள் வானுலகு போகிறவள். கிழக்கிலங்கையில் தம்பிலுவிலிலும் காரைதீவிலும் செட்டிபாளையத்திலும் வைகாசியில் அம்மன் கோயில்களில் பாடப்படுகிற கண்ணகி வழக்குரையில் அவள் வேறு. பாண்டியன் நாட்டு மாங்கனியில் பிறக்கிறாள், பேழையில் வைத்துக் கடலில் விடப்படுகிறாள், புகார் வணிகர் கையில் சேர்ந்து வளர்கிறாள். அவள் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் கடலோடி வெடியரசன் என்ற அரசனோடு பொருதுகிறான். இந்த ஒரு பிறப்பு மாற்றம் வழக்கையே மாற்றிவிடுகிறது. பாண்டியன் அவையில் நிற்பவள் வெளியூர்ப் பெண் அல்ல. அந்த மண்ணே பெற்று, அந்த மண்ணே தள்ளிவிட்ட பிள்ளை. இதுதான் விகற்பம்.

அடுத்தது, வழக்குரை எரிப்போடு நிற்பதில்லை. சடங்கு குளிர்த்தியில்தான் முடிகிறது. எரித்தவளைக் குளிரச் செய்கிற பொறுப்பு ஊருக்கு இருக்கிறது. அப்படியிருக்க, மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறவர் ‘நான் கண்ணகியாய் எரிப்பேன்’ என்று முடித்தால், பக்கத்துக் கோயிலில் கேட்ட பாட்டை விட்டுவிட்டுப் பாடப்புத்தகத்துப் படத்தை எடுத்திருக்கிறார் என்று அர்த்தம். நாற்பது வருடமாகக் காணாமல் போனவர்களைத் தேடுகிற தாய்மாருக்குக் குளிர்த்தி எங்கே, யார் பாடுவது என்று ஒரு கவிதை கேட்டால் அது வேறு உயரம். அதற்கான சரக்கு இங்கேயே கிடக்கிறது.

புத்தரும் வருகிறார் என்றீர்களே. கல்முனையின் எம். ஏ. நுஃமான் எழுதிய ‘புத்தரின் படுகொலை’யை எடுத்துப் பாருங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றிய கவிதை. புத்தரைச் சுட்டு, நூலகத்துப் புத்தகங்களால் மூடி எரிக்கிறார்கள். எரிகிறபோது இரண்டு நூல்களின் பெயர் வருகிறது: சிகாலோகவாத சூத்திரம், தம்மபதம். பௌத்த நூல்கள் எத்தனையோ இருக்க, ஏன் அந்தச் சூத்திரம்? சிகாலன் என்ற இல்லறத்தான் காலையில் குளித்து ஈர உடையோடு ஆறு திசைகளையும் கும்பிடுகிறான். புத்தர் அவனுக்கு அந்தத் திசைகளின் பொருளை மாற்றிச் சொல்கிறார்: கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை வேலையாட்கள், மேல்திசை துறவிகள். துறவிக்கல்ல, வீட்டிலிருக்கிற மனிதனுக்குச் சொன்ன ஒழுக்கம் அது. அதைத்தான் கொளுத்துகிறார்கள். கவிதை இதில் எதையும் விளக்குவதில்லை, பெயரை மட்டும் வைக்கிறது. சூத்திரமே ஒரு பழைய சடங்கை எடுத்து விகற்பம் சொன்ன நூல் என்பதையும் கவனியுங்கள்.

கைத்தொலைபேசியில் ஓடுகிற பகிடிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. 2019 மே மாதம் ஒரு சுத்தியல் படத்துக்குக் கீழே ஒருவர் நேசமணி பெயரைப் போட, 2001இல் வந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் நேசமணியாக வரும் வடிவேலுவின் தலையில் சுத்தியல் விழுவதைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். பார்க்காத வெளிநாட்டவர் உண்மையிலேயே யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று விசாரித்தார்கள். பிரதி ஒன்றுதான், அதன் பின்னால் நிற்கிற பிரதி ஒருவரிடம் இருந்தது, மற்றவரிடம் இல்லை.

நீங்கள் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. கவிதையில் ‘கண்ணகி’யைப் பென்சிலால் வெட்டி ‘கோபக்காரி’ என்று போடுங்கள். ஒன்றும் குறையவில்லையென்றால் அந்தப் பெயர் அலங்காரத்துக்கு நின்றது. குறைந்தால், என்ன குறைந்தது என்று ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியம் பழைய கதையையே திருப்பிச் சொன்னால் விகற்பம் இல்லை. பிறகு மூலம் தெரியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவருக்கும் ஏதாவது கைக்குக் கிடைக்க வேண்டும். சூத்திரம் எதுவென்று தெரியாதவருக்கும் நூலகப் படிக்கட்டில் கிடக்கிற புத்தர் தெரிகிறார் அல்லவா?

உண்மையான கொப்பியைப் பிடிப்பது வேறு வேலை. அதில் பெயர் எதுவும் இருக்காது. ஓர் உவமை ஒத்துப்போவது தற்செயலாக இருக்கலாம். மூன்று உவமைகள் ஒரே வரிசையில் வந்து, வரி உடைகிற இடமும் ஒன்றாக இருந்து, மூலத்திலிருந்த எழுத்துப்பிழையும் கூட வந்திருந்தால் சந்தேகப்பட வேண்டியதில்லை. அதை நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம்.

அடிக்குறிப்பு போடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கண்ணகி யார் என்று குறிப்பு எழுத வேண்டாம். சூத்திரத்தின் பெயர் போல அருகிய ஒன்றுக்குக் கவிதையின் கீழே ஒரு வரி போதும். ஒருவருடைய சொற்களை அப்படியே எடுத்தால் மட்டும் அதைச் சொல்லாமல் விடக் கூடாது. மணிமேகலை, ‘தெய்வம் தொழாஅள்’ என்ற குறளைத் தன் அடிகளுக்குள் எடுக்கும்போது, ‘பொய்யில் புலவன் பொருளுரை’ என்று வரிக்குள்ளேயே சொல்லிவிடுகிறது. உங்களுக்குத் தெரிந்த இளையவர்களுக்கு அந்தச் சிறை செய் காதையை எடுத்துக் காட்டுங்கள்.