அண்ணன் கொண்டுவரும் ஹெம்ப் எண்ணெய்: செடி ஒன்று, கோடு வேறு வேறு

கேள்வி: அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறார். அம்மாவின் மூட்டுவலிக்காக ஹெம்ப் எண்ணெயும் கம்மி மிட்டாயும் தீபாவளிக்கு வரும்போது கொண்டுவருவதாகச் சொல்கிறார். "இது கஞ்சா இல்லை, ஹெம்ப். டிஎச்சி 0.3 விழுக்காட்டுக்குள்தான் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது" என்கிறார். சிங்கப்பூருக்குக் கொண்டுவரலாமா? (ஈசூன் வாசகி)

பதில்: வேண்டாம். இன்றே அண்ணனுக்கு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். தபாலிலும் அனுப்ப வேண்டாம் என்று சேர்த்தே சொல்லுங்கள்.

அண்ணன் சொல்வது அமெரிக்காவைப் பொறுத்தவரை பொய்யில்லை. அதனால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஹெம்ப், மரிஜுவானா இரண்டும் தாவரவியலில் ஒரே செடி, கன்னபிஸ் சட்டைவா. நாருக்காகவும் விதைக்காகவும் வளர்ப்பதை ஹெம்ப் என்கிறார்கள். பிசின் மிகுந்த பெண் பூவுக்காக வளர்த்தால் அது மரிஜுவானா, அதாவது நம் கஞ்சா. போதை தருவது அந்தப் பிசினில் உள்ள டிஎச்சி என்ற பொருள். (ஹெம்ப்பைத் தமிழில் சிலர் 'சணல்' என்று எழுதிவிடுகிறார்கள். கோணிப்பை தைக்கும் சணல் முற்றிலும் வேறு செடி. 'சணல்தானே' என்று இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

ஒரே செடியை இரண்டாகப் பிரிக்கும் கோட்டை இயற்கை போடவில்லை, மனிதர்கள் போட்டார்கள். 1976இல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிராங்கிஸ்ட் என்ற இரு தாவரவியலாளர்கள் வகைப்படுத்தும் வசதிக்காக 0.3 விழுக்காடு என்ற அளவை வைத்தார்கள். அமெரிக்கா 2018இல் தன் விவசாயச் சட்டத்தில் அதே எண்ணைக் கொண்டு ஹெம்ப்பைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து விலக்கியது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் விழுக்காடு பார்க்காமல் செடியின் பாகத்தைப் பார்க்கிறது. பூவும் காயும் விடும் நுனிதான் அங்கே கஞ்சா. நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா கணக்கில் வராது. வட இந்தியாவில் சில இடங்களில் அந்த இலையை அரைத்துச் செய்யும் பாங் விற்கும் கடைகள் வெளிப்படையாக நடப்பது இதனால்தான்.

சிங்கப்பூர் இந்த இரண்டு கோடுகளையும் ஏற்கவில்லை. இங்கே 1973இல் வந்த போதைப்பொருள் சட்டம் கன்னபிஸ் பேரினத்துச் செடி எதுவானாலும், அதன் எந்தப் பாகமானாலும், என்ன பெயரில் அழைத்தாலும் கன்னபிஸ் என்றே சொல்கிறது. கன்னபிஸும் டிஎச்சியும் 'ஏ' பிரிவுப் போதைப்பொருள்கள். 0.3 என்ற சலுகை சட்டத்தில் எங்குமே இல்லை. சிபிடி என்பது அதே செடியில் உள்ள, போதை தராத இன்னொரு பொருள்; டிஎச்சி அறவே இல்லாத சிபிடி எண்ணெய் என்று விற்பதற்கும் அனுமதி கிடையாது. வேறு மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயாளிக்கு, மருத்துவர் விண்ணப்பித்து, மருந்துத் தரத்தில் தயாரித்த சிபிடியைத் தரும் அரிதான வழி உண்டு. மூட்டுவலிக்கு அந்த வழி திறக்காது.

தண்டனையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் அபராதத்தோடு போய்விடும் என்று நினைக்கிறார்கள். 'ஏ' பிரிவுப் பொருளைச் சட்டவிரோதமாக உள்ளே கொண்டுவந்தால் குறைந்தது 5 ஆண்டுச் சிறை, 5 பிரம்படி. வைத்திருந்தாலே 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம். "எனக்குத் தெரியாது" என்பதும் எளிதில் எடுபடாது. பொருள் உங்கள் கைவசம் இருந்தது என்று நிரூபணமானால், அது என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்றே சட்டம் கருதும். தெரியாது என்று காட்டவேண்டிய பாரம் உங்கள் தலையில் விழும். அண்ணன் பெட்டியில் வந்து உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தாலும் இதே கதைதான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. அண்ணன் இன்னும் சிங்கப்பூர்க் குடிமகனா, இல்லை நிரந்தரவாசியா? அப்படியென்றால் அமெரிக்காவில் இருந்துகொண்டு அந்த கம்மியைத் தின்பதுகூட இங்கே குற்றம். சோதனைச்சாவடியில் சிறுநீரோ உமிழ்நீரோ சோதித்தால் தெரிந்துவிடும்.

அம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள். பிசியோதெரபிக்கு அங்கிருந்தே எழுதிக் கொடுப்பார்கள். வலி நாள்பட்டது என்றால் அதை மருத்துவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். நம் அம்மாக்கள் அந்த அறைக்குள் போனதும் "பரவாயில்லை" என்று சொல்லிவிடுவார்கள்.

அண்ணனிடம் இன்னும் ஒரு வேலை சொல்லுங்கள். பெட்டி கட்டும்போது முகக்கிரீம், புரதத் தூள், சாக்லேட், நாய் பிஸ்கட் வரை ஒவ்வொரு லேபிளையும் படிக்கட்டும். ஹெம்ப், சிபிடி, கன்னபிஸ் என்ற சொல்லோ அந்த ஏழு விரல் இலைப் படமோ இருந்தால், அது அங்கேயே இருக்கட்டும்.