வாசகர் கேள்வி – பதில்: பொட்டலம் கொடுத்தாயிற்று, அப்புறம்?

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விஷயத்தைப் பற்றி இருந்தன: தெருவில் வாழ்கிறவர்களுக்குச் சபையாக எப்படி உதவுவது என்பது. வெவ்வேறு சபைகளைச் சேர்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் பத்துப் பதினைந்து பேர் இரவில் படுத்திருப்பார்கள். வாலிபர் குழுவும் பெண்கள் சங்கமுமாக இருபது பேர் சேர்ந்து, மாதம் ஒருமுறை உணவுப் பொட்டலமும் போர்வையும் கொடுத்துவருகிறோம். இரண்டு வருடமாகியும் அதே ஆட்கள் அதே இடத்தில்தான் இருக்கிறார்கள். மனம் சோர்ந்துபோகிறது. வேறு என்ன செய்யலாம்?

இரண்டு வருடம் விடாமல் போயிருக்கிறீர்கள், அதை முதலில் நல்லபடியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தும் ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பதினைந்து பேர் என்ன கேட்டார்கள் என்று அதில் எங்கேயுமே இல்லை. இருபது பேர் மாதம் ஒருமுறை மொத்தமாகப் போவதற்குப் பதிலாக, இரண்டிரண்டு பேராக வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே நேரம் போய்ப் பாருங்கள். முகம் பழகட்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு வரட்டும். நாலைந்து வாரத்தில், 'உங்களுக்கு இப்போது எது ரொம்பச் சிரமமாக இருக்கிறது?' என்று கேட்டால் உண்மையான பதில் வரும். பல இடங்களில் அந்தப் பதில் சாப்பாடாக இருக்காது, ஏனென்றால் சாப்பாடு கொடுக்க நிறையப் பேர் வருகிறார்கள், அதுவும் ஒரே நாளில் மூன்று குழு வந்து கொட்டிவிட்டுப் போக மற்ற நாளில் ஒருவரும் இல்லாமல் போவது உண்டு. அக்கம்பக்கத்தில் இதே வேலை செய்கிறவர்களிடம், அவர்கள் எந்தச் சபையாக, எந்த மதமாக இருந்தாலும், யார் எந்தக் கிழமை போவது என்று பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சரி, சாப்பாடு இல்லையென்றால் வேறு என்ன? உங்களிடம் ஒரு கட்டடம் இருக்கிறது. வாரத்தில் பெரும்பாலான நேரம் பூட்டியே கிடக்கிற கட்டடம். அதில் கழிவறை இருக்கிறது, தண்ணீர்க் குழாய் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது. தெருவில் இருப்பவருக்கு இந்த மூன்றும்தான் தினமும் போராட்டம். கழிவறை கிடைக்காது என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள், முக்கியமாகப் பெண்கள். அதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது, வெயில் காலத்தில் மயக்கம் வருகிறது. வாரத்தில் ஒரு அரை நாள் ஆலய மண்டபத்தின் கதவைத் திறந்துவைத்து, குளிக்க, துணி துவைக்க, போன் சார்ஜ் போட, சும்மா உட்கார இடம் கொடுத்தாலே பெரிய மாற்றம் தெரியும். உட்கார இடம் என்று சும்மா சொல்லவில்லை. எங்கே உட்கார்ந்தாலும் எழுந்து போ என்று விரட்டப்படுகிறவருக்கு இரண்டு மணி நேரம் யாரும் விரட்டாத நாற்காலி சாதாரணமானது இல்லை.

அடுத்து, பூட்டுப் போட்ட அலமாரி. இது நிறையப் பேருக்குத் தோன்றாது. தன்னுடைய எல்லா உடைமையும் ஒரே பையில் இருக்கும்போது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஒருவர் மருத்துவமனைக்கோ வேலை கேட்கவோ எப்படிப் போவார்? நான் முன்பு ஒரு குழுவோடு போய்க்கொண்டிருந்தபோது, காலில் புண்ணோடு இருந்த பெரியவர் ஒருவர் மருத்துவமனைக்கு வரவே மாட்டேன் என்றார். பிடிவாதக்காரர் என்று நாங்கள் எல்லோருமே முடிவு செய்துவிட்டோம். மூன்றாவது வாரம்தான் விஷயம் தெரிந்தது. போன தடவை அவர் மருத்துவமனையில் இருந்தபோது பையை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அடையாள அட்டை உட்பட. எங்களில் ஒருவர் பையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றார், பெரியவர் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டார்.

அடையாள அட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது, முகவரி. அட்டை வாங்க முகவரி வேண்டும், உதவித்தொகைக்கும் தங்குமிடத்துக்கும் அட்டை வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது? அலுவலகத்திலிருந்து வரும் கடிதம் கைக்கு வராததாலேயே பட்டியலிலிருந்து பெயர் விழுந்துபோவதும் நடக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் இடம் கொடுத்தால், கடிதம் வருவதற்கு ஆலய முகவரியைக் கொடுங்கள். வருகிற கடிதங்களைப் பத்திரமாக வைத்து, வாரா வாரம் உரியவர் கையில் சேர்க்க ஒருவரை நியமியுங்கள். உங்கள் சபையில் வக்கீல் இருப்பார், செவிலியர் இருப்பார், அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் இருப்பார். அந்த ஓய்வு பெற்றவரைப் பிடியுங்கள். எந்தப் படிவம், எந்த ஜன்னல், எந்த நாளில் போனால் வேலை நடக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், பக்கத்தில் நின்று பேசவும் தெரியும்.

கேள்வி: பொருளாகக் கொடுப்பதென்றால் எது உண்மையில் பயன்படும்? வீட்டிலிருக்கும் பழைய துணிகளைக் கொண்டுவந்து குவிக்கிறார்கள்.

காலுறை. புதியது, பருத்தியோ கம்பளியோ, நிறைய. நாள் முழுக்க நடந்து, ஈரமான காலுறையோடும் செருப்போடும் தூங்கி, கழற்றினால் களவு போய்விடுமோ என்று கழற்றாமலே இருக்கிறவர்களின் பாதம் ஊறிப்போய் வெளுத்து, மரத்து, தோல் உரிந்து புண்ணாகிவிடும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் நின்ற சிப்பாய்களுக்கு வந்த அதே நோய்தான் இது. சர்க்கரை நோய் இருந்தால் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1985இல் வீடற்றவர்களுக்கு மருத்துவம் பார்க்க வந்த ஜிம் ஓ'கானல் என்ற இளம் மருத்துவரை, அங்கிருந்த செவிலியர்கள் முதலில் ஸ்டெதாஸ்கோப்பைத் தொடவே விடவில்லை. வருகிறவர்களின் பாதங்களைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவும் வேலையைக் கொடுத்தார்கள். யாரிடமும் பேசாதவர்கள்கூடக் கால் கழுவும்போது தங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள் என்பதை அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். கால் கழுவுவதன் அர்த்தத்தைச் சபை மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மற்றபடி, புதிய உள்ளாடை, சானிட்டரி நாப்கின், பல் துலக்கும் சாமான், மழைக்குத் தாங்கும் விரிப்பு. உணவு கொடுத்தால் மெல்லுவதற்கு மென்மையானதாக இருக்கட்டும், பல் வலியும் பல் இல்லாமையும் அவர்களிடம் அதிகம். எப்போதும் இனிப்பும் பிஸ்கட்டுமாகக் கொடுக்காதீர்கள். பழைய துணி என்றால், உங்கள் தம்பிக்குக் கொடுக்கத் தயங்குகிற துணியை இவர்களுக்கும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: சாப்பாடு கொடுக்கும் முன் பத்து நிமிடம் ஜெபமும் சிறு செய்தியும் வைக்கிறோம். சிலர் முகம் சுளிக்கிறார்கள். நிறுத்த வேண்டுமா? படம் எடுத்துப் பகிர்ந்தால் இன்னும் பலர் உதவ முன்வருவார்கள் என்றும் குழுவில் சொல்கிறார்கள்.

பசித்தவரை நிறுத்திவைத்துச் செய்தி சொல்வதை நிறுத்துங்கள். அவர் சம்மதித்துக் கேட்கிறாரா, சாப்பாட்டுக்காகப் பொறுத்துக்கொள்கிறாரா என்று உங்களுக்கே தெரியாது. யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், உடையும் உணவும் இல்லாதவரிடம் வாயால் மட்டும் ஆசீர்வாதம் சொல்லி அனுப்பினால் என்ன பயன் என்றுதான் கேட்டிருக்கிறது, அங்கே எந்த நிபந்தனையும் இல்லை. எனக்காக ஜெபியுங்கள் என்று அவரே கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபியுங்கள், அவசரப்படாமல்.

படம் வேண்டவே வேண்டாம். அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி வந்தவர் இருக்கலாம். ஊரில் வேலையில் இருப்பதாகத் தாயிடம் சொல்லியிருப்பவர் இருக்கலாம்.

கேள்வி: எனக்குப் போக ஆசைதான், ஆனால் பயமாக இருக்கிறது. குடித்திருப்பவர்களை எப்படி அணுகுவது? பணம் கேட்டால் என்ன செய்வது?

தனியாகப் போகாதீர்கள், முன்பே போய்ப் பழகிய ஒருவரோடு போங்கள். தூங்குகிறவரைத் தொட்டு எழுப்பக் கூடாது. தெருவில் தூங்கும்போது அடி வாங்கியவர்கள் உண்டு, திடுக்கிட்டுக் கை ஓங்கிவிடுவார்கள். கால் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நின்று மெதுவாகக் கூப்பிடுங்கள். எழாவிட்டால் மூச்சைக் கவனியுங்கள், சீராகத் தூங்குகிறார் என்றால் விட்டுவிடலாம். ஆனால் குடிபோதை என்று நினைத்துக் கடந்துபோவதில் ஆபத்து இருக்கிறது. குளிர் இரவில் ஒருவர் குழறிப் பேசினால், தள்ளாடினால், முன்பு நடுங்கிக்கொண்டிருந்தவர் இப்போது நடுங்குவதே நின்றுபோயிருந்தால், உடல் வெப்பம் அபாயமான அளவுக்கு இறங்கியிருக்கலாம். சர்க்கரை குறைந்தாலும் குடித்தவர் மாதிரியே தெரியும். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள், ஈரத் துணியை மாற்றிப் போர்த்துங்கள், கைகால்களைத் தேய்க்காதீர்கள், மது கொடுக்கவே கூடாது.

பணத்துக்கு, குழுவாக ஒரே முடிவு எடுங்கள். ஒருவர் ரகசியமாகக் கொடுத்து இன்னொருவர் மறுத்தால் சண்டை வருவது அவர்களுக்குள்தான். தராவிட்டாலும் கண்ணைப் பார்த்து, 'என்னிடம் பணம் இல்லை ஐயா, ஆனால் கொஞ்ச நேரம் இருக்கிறேன்' என்று சொல்லலாம்.

கேள்வி: கடைசியில் அவர்களுக்கு வேண்டியது வீடுதானே? ஒரு சிறிய சபையால் என்ன முடியும்?

வீடுதான். முதலில் குடியை விடு, மருந்து சாப்பிடு, அப்புறம் வீடு என்ற பழைய வரிசையைத் திருப்பிப் போட்டு, முதலில் வீடு, மற்றது பிறகு என்று 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் ஆரம்பித்தார். நாள்பட்ட மனநோயோடு தெருவில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் அந்த வீடுகளில் நிலைத்தார்கள். பின்லாந்து அதை 2008 முதல் தேசியத் திட்டமாகவே செய்து, வீடற்றவர்களின் எண்ணிக்கையை நிஜமாகவே குறைத்தது. அது அரசாங்கத்தின் அளவு வேலை, அதைச் செய்யச் சொல்லி நீங்கள் மனு கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும்.

சபையின் அளவில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, விழுவதற்கு முன்னால் பிடிப்பது. வேலை போய், இரண்டு மாத வாடகை பாக்கியோடு உங்கள் ஆராதனையிலேயே கடைசி வரிசையில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கலாம், வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல். காணிக்கையில் ஒரு பங்கை வாடகை உதவிக்கென்று ஒதுக்கி, போதகரும் இன்னொருவரும் மட்டும் அறிந்து கொடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் தெருவுக்கு வந்தபின் அதை மறுபடி வீட்டுக்குள் கொண்டுபோக ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அந்த வாடகை பாக்கி ரொம்பச் சின்னது.

இரண்டாவது, வீடு கிடைத்த பிறகு. சாமான் வாங்கிக் கொடுத்து வாழ்த்திவிட்டு வந்துவிடுகிறோம். வருடக்கணக்கில் கூட்டத்துக்கு நடுவே தூங்கியவர் முதல்முறையாக நாலு சுவருக்குள் தனியாக இருக்கிறார், பழகிய ஆட்கள் எல்லோரும் தெருவில் இருக்கிறார்கள். அதைத் தாங்க முடியாமல் சாவியை வைத்துக்கொண்டே பழைய நடைபாதைக்கு வந்து தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் மூன்று மாதம், தெருவுக்கு எந்தக் கிழமை போனீர்களோ அதே கிழமை அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவர் உங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லட்டும்.