முதல் நாள் சேகரிப்பில் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) போதவில்லை, அளவைக் கூட்ட வழி உண்டா?

உண்டு, பிளெரிக்சாஃபோர் என்ற ஊசி. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்காகச் சொந்தக் குருத்தணு மாற்று சிகிச்சைக்கு நீங்கள் காத்திருப்பதாக எண்ணி எழுதுகிறேன். நான் மருத்துவரல்ல, அதே வழியில் போய் வந்த நோயாளி.

குருத்தணுக்களை ரத்தத்துக்கு வரவைக்கும் ஜி-சிஎஸ்எஃப் ஊசியை நான்கு நாள் போட்டுக்கொண்டேன். இடுப்பெலும்பும் மார்பெலும்பும் உள்ளிருந்து இடிப்பதுபோல் வலித்ததால், மருந்து வேலை செய்கிறது என்றே நம்பியிருந்தேன். ஐந்தாம் நாள் இரு கைகளிலும் ஊசி குத்தி, அசைய முடியாமல் ரத்தத்திலிருந்து குருத்தணுக்களைப் பிரிக்கும் இயந்திரத்தோடு ஐந்து மணி நேரம் கிடந்தேன். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதடெல்லாம் சுறுசுறுவென்றது. மாலையில் வந்த கணக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 7 லட்சம் சிடி34 அணுக்கள், அதாவது சிடி34 என்ற அடையாளம் கொண்ட குருத்தணுக்கள். குறைந்தது 20 லட்சம் வேண்டும்.

“ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொண்டீர்களா?” என்று அங்கிருந்த ஒருவர் கேட்டது இன்றும் ஆறவில்லை. ஒவ்வொரு ஊசியையும் நேரம் குறித்துப் போட்டவள் என் மனைவி. மைலோமாவுக்கான லெனாலிடோமைடு மாத்திரையைப் பல மாதங்கள் எடுத்தவர்களுக்குக் கிடைக்கும் குருத்தணுக்களின் அளவு குறையக்கூடும் என்பதையும், அதனால்தான் சில சிகிச்சைச் சுற்றுகளிலேயே சேகரித்துவிடப் பார்க்கிறார்கள் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். சிகிச்சையளித்தவர்களைப் பழிப்பதாகச் சிலர் எண்ணலாம். என் உயிரைக் காத்தவர்கள் அவர்களே. ஆனாலும் இயந்திரத்தில் இணைக்குமுன் ரத்தத்தில் சிடி34 எண்ணிக்கையைப் பார்த்திருந்தால் அந்த நாள் வீணாகியிருக்காது. மைக்ரோலிட்டருக்குப் பத்துக்கும் கீழே இருந்தால் சேகரிப்பு பெரும்பாலும் தேறாது.

அன்றிரவு பிளெரிக்சாஃபோர் போட்டார்கள். குருத்தணுவின் மேலுள்ள சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பிதான் அதை எலும்பு மஜ்ஜையோடு பிடித்துவைக்கிறது. இம்மருந்து அந்தப் பிடியை விடுவிப்பதால் அணுக்கள் ரத்தத்துக்கு வந்துவிடுகின்றன. இரவில் சிறிது வயிற்றுப்போக்கு இருந்தது. மறுநாள் கிடைத்தது 26 லட்சம். பையில் தேங்கிய அந்த மங்கிய சிவப்பைப் பார்த்து என் மனைவி அழுதுவிட்டாள்.

விலை அதிகமென்று இம்மருந்தைத் தள்ளிப்போடுவதுண்டு. ஆனால் வீணாகும் ஒவ்வொரு சேகரிப்பு நாளுக்கும் செலவு இருக்கிறது. கூடுதல் ரத்தத்தை இயந்திரத்தில் ஓட்டுவதும் ஒரு வழிதான் என்றாலும், ரத்தத்தில் அணுக்களே இல்லாதபோது அது அவ்வளவாக உதவாது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் பிளெரிக்சாஃபோரின் அளவைக் குறைக்க வேண்டும் என்பதால், உங்கள் கிரியேட்டினின் அளவை நீங்களே நினைவூட்டுங்கள். சேகரிப்புக்குச் சுமார் 11 மணி நேரம் முன்பே போட வேண்டிய ஊசி இது. நாளை மீண்டும் சேகரிப்பதாக இருந்தால், இன்று மாலைக்குள் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.