பெட்டி வைக்கலாம், மனைவிக்கு இடம் விட்டு

150 சிசி வண்டியில் பின்பெட்டி பொருத்தினால் போலீஸ் பிடிக்குமா, மனைவியும் உடன் வரலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

பெட்டி வைப்பது குற்றமில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 123-இல் 2020-ஆம் ஆண்டு வந்த திருத்தம் அளவைச் சொல்கிறது: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்குள். பின்னிருக்கையின் மேலேயே வைத்தால் நீங்கள் மட்டும்தான் போகலாம். இருக்கைக்குப் பின்னால் வைத்தால் மனைவியும் வரலாம். மொத்த எடை வண்டிக்கு அனுமதித்த அளவைத் தாண்டக் கூடாது. நம்பர் பிளேட்டோ பின்விளக்கோ மறைந்தால் வழியில் நிறுத்துவார்கள்.

பெட்டிக்காக வண்டியின் சட்டத்தை (ஃபிரேமை) வெட்டி வெல்டிங் வைக்காதீர்கள். அங்கே அரசின் சட்டம், மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52, குறுக்கே வரும். பக்கப்பெட்டிக்கு இடம் வேண்டும் என்று மெக்கானிக், சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் சேலை கார்டைக் கழற்றச் சொன்னால் கடையை மாற்றுங்கள். அதுவும் அதே விதி 123 கேட்கும் பாதுகாப்புதான்.

என் முதல் பெட்டியில் கனமான பூட்டு, கருவிகள் எல்லாவற்றையும் அடைத்தேன். வேகம் கூடியதும் ஹேண்டில் லேசாக ஆடத் தொடங்கியது. பின் அச்சுக்கு அப்பால், உயரத்தில் ஏறும் எடை முன்சக்கரத்தின் பிடியைக் குறைத்துவிடுகிறது. இப்போது பின்பெட்டியில் மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் மட்டும்தான். பெட்டியைப் பிடிக்கும் போல்ட்டுகளுக்கு நைலான் லாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் தளராத நட்டு) போடுங்கள். முதல் நெடும்பயணம் முடிந்ததும் ஸ்பேனரால் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், எனக்கு அரைச் சுற்று தளர்ந்திருந்தது.