அந்தப் பூ கத்தரிப்பூ நிறம்

கேள்வி: ஜப்பானில் மரபணுவை மாற்றி நீலக் கார்னேஷன் விற்கிறார்களாமே, பூவிலுமா கை வைப்பது? (வாசகி ஒருவர், ஓசூர்)

பதில்: 'நீலக் கார்னேஷன்' என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதற்கு வருகிறேன். விளம்பரத்தில் நீலம் என்றார்கள், நாமும் நீலம் என்கிறோம். அந்த நிறத்தில் ஒரு புடவையை ஜவுளிக்கடையில் காட்டிக் கேளுங்கள். விரித்துப் போடும் பையன் யோசிக்காமல் 'கத்தரிப்பூ கலர்க்கா' என்பான். மாந்தளிர், மயில்கழுத்து, அரக்கு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த கண் அது. அவன் சொல்வதுதான் சரி.

எவ்வளவு சரி என்று கேளுங்கள். டெல்பினிடின் என்ற நிறமியை உண்டாக்கும் நொதி கார்னேஷனுக்குக் கிடையாது. அதற்கான மரபணுவை ஆஸ்திரேலியாவின் ஃப்ளோரிஜீன் நிறுவனமும் ஜப்பானின் சன்டோரி நிறுவனமும் சேர்ந்து பெட்டூனியா என்ற பூச்செடியிலிருந்து எடுத்துக் கார்னேஷனுக்குள் வைத்தார்கள். 1997-இல் 'மூன்டஸ்ட்' என்ற பெயரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பெட்டூனியா கத்தரிச் செடியின் குடும்பம். நம் வீட்டுக் கத்தரிக்காய்த் தோலுக்கு நிறம் கொடுப்பதும் அதே டெல்பினிடின்தான்! 'ஊதா என்ற சொல் இருக்கக் கத்தரிப்பூ எதற்கு' என்று முன்பொரு முறை என்னைக் கண்டித்து நாலு பக்கம் எழுதிய திருச்சித் தமிழாசிரியர் இதையும் படிக்க வேண்டும்.

உண்மையான நீலம் வந்தது செவ்வந்தியில், 2017-இல். அதுவும் ஜப்பானியர் வேலை. அதற்கு உதவிய இரண்டு மரபணுக்களில் ஒன்று நம் வேலியில் படரும் சங்குப்பூவுடையது. கருவிளை என்று நம் பழைய புலவர்கள் பாடிய அதே பூ. எனக்கு இதில் பெருமைதான்.

சரி, கை வைக்கலாமா? வைக்கலாம் என்பதே என் கட்சி. மூன்டஸ்டை கொலம்பியா, ஈக்வடார் தோட்டங்களில் வளர்த்து, வெட்டிய பூவாக அனுப்புகிறார்கள். கொய்மலர்க் கார்னேஷனில் மகரந்தம் மிகக் குறைவு, பக்கத்து வயலுக்குப் பரவும் என்ற பயம் பெரிதாக வேண்டாம். நிறம் இதழுக்குள்ளேயே ஊறியது, தொட்டால் விரலில் ஒட்டாது.

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் சாயத்தில் முக்கியெடுத்த நீலப் பூவில் மாலை. கைகுலுக்கப் போனபோது பார்த்தேன், மாப்பிள்ளையின் வெள்ளைக் காலரில் நீலம் இறங்கியிருந்தது, பெண்ணின் கழுத்து வேர்வையிலும். அந்தச் சாயத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வாசகராவது கேட்டு எழுதுங்களேன்.