இதழாசிரியரை யார் நீக்கலாம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சி,

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். படித்தது பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரியில். எங்கள் துறைச் சங்கம் நடத்தும் ஜர்னலின், அதாவது ஆய்விதழின், ஆசிரியரைத் திடீரென்று மாற்றிவிட்டார்கள். "அவருடைய சேவைக்குச் சங்கம் நன்றி தெரிவிக்கிறது" என்று ஒரு மெயில் வந்ததோடு சரி. மாநாட்டுச் செலவுக்கு மருந்து கம்பெனிகளிடம் பணம் வாங்குவதைக் கேள்வி கேட்டு அவர் தலையங்கம் எழுதியிருந்தார். பாம்புக்கடி சிகிச்சையில் மருந்து ஒவ்வாமை பற்றி நான் அனுப்பிய கட்டுரை ரிவியூவில், அதாவது மற்ற நிபுணர்கள் படித்துப் பார்க்கிற கட்டத்தில், இருந்தது. இப்போது கேட்டால் பதிலே இல்லை. "ஆசிரியர் யாரா இருந்தா ஒனக்கென்னம்மா, பேப்பர் வந்தா புரமோஷனுக்கு ஆச்சுல்லா" என்கிறார் எங்கள் சீனியர். எனக்கு மனசு ஒப்பவில்லை. பத்திரிகையில் இருந்தவர் நீங்கள். இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டாக்டர்,

பெரிதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கட்டுரையின் விஷயத்திலிருந்தே சொல்கிறேன்.

ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவரைக் கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது என்று டிவிஎஸ் 50-ல் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவருகிறார்கள். விஷமுறிவு மருந்து ஏற்றியாக வேண்டும். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து அது. சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, பிரஷர் இறங்கிவிடும். முன்கூட்டியே என்ன ஊசி போட்டு அதைத் தடுப்பது? இலங்கையில் 1007 நோயாளிகளிடம் சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். குறைந்த அளவு அட்ரினலின் கடுமையான ஒவ்வாமையைக் குறைத்தது. பழக்கத்தில் போட்டுவந்த ஹைட்ரோகார்ட்டிசோனும் புரோமெத்தசினும் அப்படிக் குறைக்கவில்லை. அந்தக் கட்டுரை வந்தது பிளாஸ் மெடிசின் என்ற ஜர்னலில். 2004-இல் தொடங்கும்போதே மருந்து கம்பெனி, மருத்துவக் கருவி கம்பெனி விளம்பரங்களை வாங்குவதில்லை என்று முடிவெடுத்த ஜர்னல். சந்தா கட்டாமல் யாரும் வாசிக்கலாம். அம்பையில் நைட் டூட்டி பார்க்கிறவர் செல்போனிலேயே அதைத் திறந்து பார்த்துவிட்டு ஊசியை எடுக்கலாம். நோயாளியின் கைக்கு எந்த ஊசி போகிறது என்பதில் ஒரு ஆசிரியரின் கொள்கைக்கும் பங்கு இருக்கிறது. புரமோஷனோடு முடிகிற சங்கதி இல்லை இது.

உங்கள் சங்கத்தில் நடந்தது முன்பும் நடந்திருக்கிறது. 1999 ஜனவரியில் அமெரிக்க மருத்துவ சங்கம் தன் ஜாமா இதழின் ஆசிரியர் ஜார்ஜ் லண்ட்பெர்கை நீக்கியது. 17 வருஷம் அந்த நாற்காலியில் இருந்தவர். அந்தரங்க உறவு ஒன்றைப் பற்றிப் பொய் சொன்னார் என்று அதிபர் கிளின்டன் மீது செனட்டில் விசாரணை நடந்துகொண்டிருந்த நேரத்தில், எதையெல்லாம் உடலுறவு என்று கல்லூரி மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்ற ஆய்வை வெளியிட்டார். இதழை அரசியலுக்குள் இழுத்துவிட்டார் என்றது சங்கம். அதே வருஷம் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஆசிரியர் ஜெரோம் காசிரரும் போனார். ஜர்னலின் பெயரை வேறு வருமானத்துக்கான வெளியீடுகளில் பயன்படுத்த, அதை நடத்தும் மாசசூசெட்ஸ் மருத்துவ சங்கம் நினைத்தது, அவர் சம்மதிக்கவில்லை.

எனக்கு அதிகம் வலித்தது கனடா விஷயம்தான். அவசர கருத்தடை மாத்திரை வாங்கப் போகும் பெண்களிடம் மருந்துக்கடையில் அந்தரங்க விவரங்களைக் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கனடா மருத்துவ சங்க ஜர்னலின் செய்தியாளர்கள் 13 பெண்களைக் கடைகளுக்கு அனுப்பி விசாரித்தார்கள். மருந்தாளுநர் சங்கம் மருத்துவர் சங்கத்திடம் புகார் சொன்னது. மேலிருந்து நெருக்கி அந்தச் செய்தியை மாற்றவைத்தார்கள். அடுத்த சில வாரங்களில், 2006 பிப்ரவரியில், ஆசிரியர் ஜான் ஹோயியை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் குழுவிலிருந்து வரிசையாக விலகினார்கள். பெயர் கெட்ட பிறகு ஒரு குழு போட்டு, ஆசிரியரின் சுதந்திரத்துக்கு விதிகள் எழுதி, சங்கமும் அவற்றை ஏற்றுக்கொண்டது. சரியாகப் பத்து வருஷம். 2016 பிப்ரவரியில் அதே சங்கம் அப்போதைய ஆசிரியரையும் நீக்கி, அவருக்கும் சங்கத்துக்கும் நடுவே நின்ற கண்காணிப்புக் குழுவையும் கலைத்துவிட்டது. விதி எழுதிவிட்டோம் என்று அசந்து உட்கார முடியாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அதற்காக ஆசிரியர் மாறுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரே ஆள் முப்பது வருஷம் உட்கார்ந்தால் அவருக்குப் பிடித்த பத்துப் பேரின் இதழாகிவிடும். இலக்கியப் பத்திரிகைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். தட்டம்மைத் தடுப்பூசி உள்ள எம்எம்ஆர் ஊசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட கட்டுரையை லான்செட் என்ற மருத்துவ ஜர்னல் 1998-இல் வெளியிட்டது, 2010-இல்தான் முழுவதுமாகத் திரும்பப் பெற்றது. இத்தனைக்கும் அந்தக் காலம் முழுவதும் ஆசிரியர் ஒருவர்தான். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை தாய்மார் பயந்து பிள்ளைக்கு ஊசி போடாமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. 2021-இல் ஜாமாவில் ஆசிரியர் மாறியதையும் நான் குறை சொல்ல மாட்டேன். மருத்துவத்துறையில் அமைப்பாக இனவெறி இருக்கிறதா என்றே சந்தேகம் கிளப்பிய ஒரு பாட்காஸ்ட் அவருடைய இதழின் பெயரில் வந்தது, அவர் பொறுப்பேற்று விலகினார். என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். அடுத்தவரைத் தேடி 2022-இல் கிர்ஸ்டன் பிபின்ஸ் டொமிங்கோவை நியமித்தார்கள்.

ஆக, ஆள் மாறியதைவிட, எப்படி மாறியது, யார் மாற்றியது என்றுதான் கேட்க வேண்டும். கன்னடியன் கால்வாயில் மேல்மடைக்காரர் மட்டும் சேர்ந்து மடை திறக்கிறவரை நியமிக்கவும் நீக்கவும் முடியும் என்றால் கடைமடைக்கு எப்போது தண்ணீர் வரும்? ஜர்னலைச் சங்கம் நடத்தட்டும், அச்சுச் செலவைப் பார்க்கட்டும், கணக்குக் கேட்கட்டும். எந்தக் கட்டுரை போகிறது, தலையங்கத்தில் என்ன வருகிறது என்பது ஆசிரியர் கையில் இருக்க வேண்டும். சங்கத்துக்கு எதிராக எழுதினார் என்பது அவரை நீக்கக் காரணமாகக் கூடாது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு சொல்வதும் இதைத்தான். 1978-இல் வான்கூவரில் கூடிய ஆசிரியர்களிடமிருந்து வளர்ந்த குழு அது. லண்ட்பெர்க் போன பிறகு ஜாமாவுக்கே ஏழு பேர் கொண்ட மேற்பார்வைக் குழு ஒன்றை வைத்தார்கள்.

உங்கள் பழைய ஆசிரியர் அந்தத் தலையங்கத்துக்காகத்தான் போனாரா என்று இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. காரணம் கேட்கிற உரிமை சந்தா கட்டுகிற உங்களுக்கு உண்டு. செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், மூன்று நான்கு பேர் கையெழுத்தோடு. ஆசிரியரை நீக்க என்ன விதி, எந்தக் கூட்டத்தில் முடிவானது, புதியவரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேளுங்கள். மரியாதையாகவே கேட்கலாம், நம் பக்கத்துக்காரர்களுக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை. முந்தைய ஆசிரியருக்கு விடைபெறும் தலையங்கம் எழுத ஒரு பக்கம் கொடுத்தார்களா என்பதையும் கேளுங்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கட்டுரையை அப்படியே கிடப்பில் போட விடாதீர்கள். நிலவரம் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள், ஒரு தேதி குறிப்பிட்டு. பதில் வராவிட்டால் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டு, அதற்குப் பிறகு வேறு இதழுக்கு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்தால் அதையே காரணம் காட்டி உங்கள் வாயை அடைத்துவிடுவார்கள். சீனியரிடமும் கையெழுத்துக் கேட்டுப் பாருங்கள். போடக்கூடும்.

அன்புடன்.